அஞ்சு பேரிடம் கேட்டு வரவும்

காலை ஆறு இருபதுக்கு அழகிரிசாமியின் வலது கால் வாசல்படியைத் தாண்டியது. ஆறு இருபத்தொன்றுக்கு அதே கால் வீட்டுக்குள் திரும்பிவிட்டது.

காரணம், வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்ற அவருடைய மகள் காவியா. ஏழாம் வகுப்பு. தலைகூடச் சீவவில்லை.

"வேர் ஆர் யூ கோயிங், அப்பா?"

தலையில் துண்டு, இடுப்பில் சாவி, தோளில் பதினாறு கிலோ விதை உளுந்து. ஒரு கணம் சிலையாக நின்றார். பிறகு மூட்டையை இறக்கினார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"ராமலட்சுமி, ஒரு செம்பு தண்ணி கொண்டா."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இப்பத்தானே கெளம்புனீங்க?"

"கெளம்பினேன். ஒம் மக எங்க போறன்னு கேட்டுட்டா."

ராமலட்சுமிக்குக் கையிலிருந்த கரண்டி நழுவப் பார்த்தது.

எப்போதும்வென்றான் என்கிற ஊருக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கிற அந்த ஊரில், கிளம்பிப் போகிற ஆளை யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் "தூரமா?" என்பார்கள். கேட்கப்பட்டவர் "இந்தா, பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். சாதாரண நாளுக்கே இந்த எச்சரிக்கை. முதல் விதைப்புக்குப் போகிறவனைக் கேட்பது இன்னும் மோசம்.

போன வருஷம் இதே புரட்டாசியில் தெருமுக்கில் வைத்து ஒருத்தர் அழகிரிசாமியிடம் வாய்தவறிக் கேட்டார். அசலூர்க்காரர். அழகிரிசாமி அதைச் சட்டை செய்யவில்லை. போய் விதைத்தார். நாற்பதாவது நாள் நாலு ஏக்கர் உளுந்தும் மஞ்சள் தேமல் நோய் விழுந்து, மஞ்சள் துணி விரித்த மாதிரிக் கிடந்தது. ஆட்டுக்கு அறுத்துப் போட்டார்கள்.

இந்த வருஷம் அதற்கு இடம் கொடுக்க அவர் தயாராக இல்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. மூன்று நாளைக்கு முன்னால்தான் மழை பெய்தது. கரிசலில் மழை பெய்த மறுநாள் கால் வைத்தால் செருப்போடு அரைக்கிலோ மண் கூடவே வரும். அஞ்சாம் நாள் போனால் மேல்மண் காய்ந்து ஓடாகிவிடும். நடுவில் ஒரு நாள், ஒன்றரை நாள் பதம். அந்த நாள் இன்று. விதை போடுகிற டிராக்டர் சுற்றுவட்டாரத்துக்கே ஒன்றுதான். மகாராஜா ஓட்டுகிறான். இன்று எட்டரைக்கு அழகிரிசாமியின் புஞ்சைக்கு முறை. விட்டால் அடுத்த முறை எட்டு நாள் கழித்து. போதாததற்கு, நேற்றுச் சாயங்காலமே விதையில் கஞ்சி விட்டு உயிர் உரம் கலந்து நிழலில் உலர்த்தியாகிவிட்டது. கலந்த விதையை ஒரு நாளுக்குள் போட்டாக வேண்டும்.

"ஏட்டி, உனக்கு அறிவில்ல?" என்றாள் ராமலட்சுமி மகளைப் பார்த்து.

"டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்திருக்காக. அஞ்சு பேர்கிட்ட கேட்டு, அவிய என்ன சொல்லுதாகன்னு எழுதிட்டு வரணும். நேத்து அப்பாகிட்டச் சொன்னேன். 'என்கிட்டயும் கேளு'ன்னு அப்பாதானே சொன்னாக?"

அழகிரிசாமி செம்பைக் கீழே வைத்தார். உண்மைதான். நேற்று விதை கிளறிக்கொண்டிருக்கும்போது மகள் அதையே பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். அர்த்தம் கேட்டார். சொன்னாள். பெருமையாகக்கூட இருந்தது. விதைக்கக் கிளம்பும்போது கேட்பாள் என்று தோன்றவில்லை.

"நேத்தே கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"நேத்து நீங்க எங்கயும் போகலையே? நெசமா கெளம்பிப் போற ஆள்கிட்டத்தான் கேக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காக."

"நல்ல டீச்சர்!" என்றார் அழகிரிசாமி.

ஆறரைக்கு மறுபடி எழுந்தார். தண்ணீர் குடித்து உட்கார்ந்து எழுந்தால் ஒரு தடவை, இரண்டு தடவைக்குத் தோஷம் கழிந்துவிடும். காவியாவை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் ராமலட்சுமி. மூட்டை தோளுக்கு ஏறியது. வாசல் தாண்டினார். தெருவில் பத்தடி நடந்தார்.

எதிர்வீட்டு மாடிப்படியிலிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது. பொன்மணி.

"வேர் ஆர் யூ கோயிங், பெரியப்பா?"

திரும்பினார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

மூன்றாம் தடவை அவர் தெருவை நம்பவில்லை. கொல்லை வழியாக, குப்பைக்கிடங்கை ஒட்டி, முள்வேலி இடுக்கில் மூட்டையோடு பக்கவாட்டில் நுழைந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஜெயபாண்டி உட்கார்ந்திருந்தான். வகுப்பிலேயே கெட்டிக்காரன். தெருவில் போட்டி அதிகம் என்று கணக்குப் போட்டு, ஆட்கள் காட்டுக்குப் போகிற குறுக்குப் பாதையைப் பிடித்து வைத்திருந்தான்.

"குட் மார்னிங், மாமா. வேர் ஆர் யூ..."

"ஏலே, வேண்டாம்லே! சொல்லாதலே!"

"...கோயிங்?"

மூன்று தடவை கேட்டாகிவிட்டது. மூன்றுக்குத் தண்ணீர் வைத்தியம் கிடையாது. அந்த ஆளுக்கு அன்றைய நாள் போச்சு.

ஏழு மணிக்கு அழகிரிசாமி வீட்டு வாசலில் ஆள் கூடிவிட்டது. கேட்கப்பட்டவர்கள் ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டுச் சோலைராஜ் மொபெட்டை உருட்டிக்கொண்டே வந்தார். ஸ்டார்ட் பண்ணப் போனபோது அவரையும் கேட்டுவிட்டார்களாம்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கப்படாது," என்றார் சோலைராஜ். "பிள்ளைங்க கேட்டது இங்கிலீசுல. நம்ம சகுனத்துக்கு இங்கிலீசு தெரியுமா? அதுபாட்டுக்குப் போயிருக்கும்."

"எனக்கு வெளங்குச்சா இல்லையா?"

"வெளங்குச்சு."

"எட்டாவது படிச்ச எனக்கே வெளங்குனா, அதுக்கு வெளங்காதாக்கும்?"

சோலைராஜ் யோசித்தார். "அப்பொ நான் வேணா போய் விதைச்சுத் தரட்டா?"

"உன்கிட்ட யாரு கேட்டா?"

"பொன்மணி. அவ போதாதுன்னு இன்னும் ரெண்டு பேரு."

"பொறகென்ன, இங்கன உக்காரு."

அழகிரிசாமியின் போன் அடித்தது. மகாராஜா. "அண்ணாச்சி, சொன்னா சொன்னபடி எட்டரைக்கு உங்க புஞ்சையில நிப்பேன். விதையோட ஆள் நிக்கணும். கால் மணி நேரம் பாப்பேன், அதுக்கு மேல நான் எட்டயபுரம் போயிருவேன். அங்க பதினாலு ஏக்கர் கெடக்கு. பொறகு என்னைக் குத்தம் சொல்லப்படாது."

அழகிரிசாமி போனைக் காதிலிருந்து எடுத்தார். யாரையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழே காலுக்குக் கோவில்பட்டி பஸ் வந்தது. அர்ஃபா இறங்கினாள்.

இருபத்து நாலு வயது. கோவில்பட்டியில் செருப்புக் கடை வைத்திருக்கிற சபியுல்லாவின் மகள். ஒரு அறக்கட்டளை சம்பளம் கொடுக்கிறது. வெள்ளி சாயங்காலமும் சனி காலையும் இந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பதினோரு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆறு மாதமாகப் பிள்ளைகள் நன்றாக ஒப்பித்தார்கள். கூடத்தின் வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. அந்த வருத்தத்தில் மூன்று நாள் உட்கார்ந்து புதிதாக ஒரு பாடக்குறிப்பு எழுதியிருந்தாள். நிஜமான கேள்வி, நிஜமான ஆள், நிஜமான நேரம். யார் முதலில் அஞ்சு பேரை முடிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு பேனா பரிசு.

தெருவே அவளைப் பார்த்துத் திரும்பியது. நல்ல விதமாக இல்லை.

"வாங்க டீச்சர்," என்றாள் ராமலட்சுமி. "இந்தா, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காக. ஒருத்தரையும் ஒங்க பிள்ளைங்க வெளிய விடல."

விஷயத்தைக் கேட்கக் கேட்க அர்ஃபாவின் முகம் வெளுத்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் டீச்சர், ஒங்க வீட்டுல கேப்பீங்களா? ஒங்க அத்தா கடை தொறக்கக் கெளம்பும்போது?" என்று கேட்டாள் ராமலட்சுமி.

"கேட்டா எங்கம்மா அன்னிக்குச் சோறு போட மாட்டாக."

"பின்ன?"

"தமிழ்ல நான் கேக்க மாட்டேன்கா. யாரையும் கேட்டதில்லை. இங்கிலீசுன்னதும் அது என்னமோ நம்ம ஊருக்குள்ள வராத பாஷை மாதிரி நெனச்சுட்டேன். புக்குல முதல் பாடமே அந்தக் கேள்விதான். எனக்குத் தோணவே இல்லை. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பை வச்சு நாலு ஏக்கர் விதைக்க முடியாது," என்றார் அழகிரிசாமி உள்ளேயிருந்து. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அர்ஃபாவுக்கு அதிகம் உறைத்தது.

"நான் போய்ப் பிள்ளைங்களை எல்லாம் கூடத்துல அடைக்கேன். நீங்க கெளம்புங்க, மாமா."

"மூணு ஆச்சும்மா. இன்னைக்கு என் கால் புஞ்சைக்கு விதையோட போகாது."

ஏழரை. புஞ்சை ஒரு கிலோமீட்டர். எட்டே காலுக்காவது கிளம்பியாக வேண்டும்.

ராமலட்சுமி சட்டென்று மகளை அழைத்தாள். "ஏட்டி, டீச்சர் கொடுத்த தாளைக் கொண்டா. என்ன எழுதியிருக்குன்னு முழுசா வாசி."

காவியா வாசித்தாள். அப்பா, பெரியப்பா, சித்தப்பா, மாமா: இவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும். அம்மா, பெரியம்மா, சித்தி, அத்தை: இவர்களிடம் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்கவும். மொத்தம் அஞ்சு பேரிடம் கேட்டு வரவும்.

"அப்பொ என்கிட்ட எங்க போறன்னு ஒருத்தரும் கேக்கலை."

"கேக்கலைம்மா. உன்கிட்ட வேற கேள்வி."

ராமலட்சுமி அர்ஃபாவைப் பார்த்தாள். "ஏன் டீச்சர் எங்களுக்கு வேற கேள்வி?"

"அது... அம்மாமார் வீட்டுல இருப்பாகன்னு..."

"இந்தத் தெருவுல எந்தப் பொம்பளை வீட்டுல இருக்கா? களை எடுக்க, செடி புடுங்க, மருந்துக்குத் தண்ணி சொமக்க ஆரு போறா? ஆளை ஒரு வார்த்தை கேட்டுட்டுல்லா எழுதணும்?" சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "நல்லதாப் போச்சு. கேட்டிருந்தா நானும் இந்நேரம் பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சுட்டு இருப்பேன்."

சேலை முந்தியை இழுத்துச் செருகினாள். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

அழகிரிசாமி எழுந்தே விட்டார். "ஏ, என்ன பண்ணுத? மொத விதை வீட்டு ஆம்பளைல்லா போடணும்?"

"வீட்டு ஆம்பளைக்குத்தான் நாள் சரியில்லையே. இன்னொரு மூட்டை எங்க?"

"உள்ள இருக்கு. ஆனா டிராக்டர்ல விதைப்பெட்டிக்குப் பின்னால நின்னு கொழாய் பாக்க இன்னொரு ஆள் வேணும். நீ விதை தட்டுவியா, கொழாய் பாப்பியா?"

தெருப் பெண்கள் ஆளுக்கொரு வேலையாக ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, யாரும் நிற்கவில்லை.

"நான் வாரேன்," என்றாள் அர்ஃபா.

"நீங்களா? கொழாய்ன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. சொல்லிக் கொடுங்க."

எட்டு மணிக்குள் பதினோரு பிள்ளைகளும் சமுதாயக் கூடத்தில் இருந்தாக வேண்டும் என்று அர்ஃபா உத்தரவு போட்டாள். காவியா தலைமை. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இன்னொரு பதினாறு கிலோவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ராமலட்சுமிக்கு முன்னால், போலீஸ் பந்தோபஸ்து மாதிரி நடந்தாள். சுடிதார் ஷாலில் அதற்குள் உளுந்துத் தூசி.

தெருமுக்கில் ஜெயபாண்டி நின்றான். அவன் கணக்கில் நாலு பேர் ஆகியிருந்தது. அஞ்சாவது ஆளாக எதிரே ராமலட்சுமி வருகிறாள். வாயைத் திறந்தான். அர்ஃபா அவனை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு தாளில் இருந்த இன்னொரு கேள்வி அவனுக்கு ஞாபகம் வந்தது.

"வாட் ஆர் யூ குக்கிங், அத்தை?"

ராமலட்சுமி நடையை நிறுத்தவில்லை.

"உளுந்துதாம்லே."

அவன் எழுதிக்கொண்டான்.

புஞ்சையில் டிராக்டர் ஏற்கெனவே உறுமிக்கொண்டு நின்றது. மகாராஜா சீட்டில் இருந்து இறங்காமலே பார்த்தான். "அண்ணாச்சி எங்க?" என்று வாயெடுத்தவன், இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, "சரி, தட்டுங்க" என்றான்.

ராமலட்சுமி கிழக்கே பார்த்து ஒரு கை உளுந்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். உதடு அசைந்தது. டிராக்டருக்குப் பின்னால் இருந்த விதைப்பெட்டியில் போட்டாள். பிறகு மூட்டையைக் கவிழ்த்தாள்.

பெட்டிக்குக் கீழே ஒன்பது குழாய்கள். ஒவ்வொன்றின் வழியாகவும் உளுந்து இறங்கி, முன்னால் கீறிப் போகிற கொழுவின் தடத்தில் விழும். பின்னால் மண் மூடும். பின்பலகையில் நின்று, ஒன்பதிலும் விதை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். இதுதான் வேலை. அர்ஃபாவுக்கு முதல் இரண்டு நடை கண் கட்டிவிட்டது. கறுப்பு மண்ணில் கறுப்பு விதை. எது விழுந்தது, எது விழவில்லை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"மண்ணைப் பாக்காதீங்க, டீச்சர். கொழாய்க் கழுத்தைப் பாருங்க. அங்கன ஓடுறது தெரியும்."

பார்த்தாள். ஓடியது. பத்தாவது நடையில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஈர மண்ணின் வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வந்தன. கொக்குகள் டிராக்டருக்குப் பின்னால், கொழு கீறிய சாலில் நடந்து வந்தன. வெயில் ஏறியது.

பத்து மணிக்கு வரப்பில் ஒரு உருவம் தெரிந்தது. தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி.

டிராக்டர் அந்தப் பக்கம் திரும்பும்போது ராமலட்சுமி உரக்கக் கேட்டாள். "நீங்க வரமாட்டேன்னுல்லா சொன்னீங்க?"

"நான் விதைக்க வரலை. கஞ்சி கொண்டாந்தேன். வீட்டை விட்டுக் கெளம்பும்போதே அப்படித்தான் சொல்லிட்டுக் கெளம்பினேன். சோலைராஜ் சாட்சி."

"சரி. வச்சுட்டு வேலி நெழல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். புஞ்சையைப் பார்க்கக் கூடாது என்று முதலில் ரோட்டைப் பார்த்தார். பிறகு கொக்கைப் பார்த்தார். கொக்கு சாலில் நடந்தது. அதோடு அவர் கண்ணும் சாலுக்குப் போய்விட்டது.

ஒரு சால் அவருக்குச் சரியாகப் படவில்லை. டிராக்டர் போனது. திரும்பியது. அவர் மெல்ல எழுந்தார். ஏழாவது குழாயின் வாயில் ஈரமண் அப்பியிருந்தது. திருப்பத்தில் இறக்கும்போது அடைத்திருக்கிறது. போன நடையும் இந்த நடையும் அந்தக் குழாயில் ஒரு விதைகூட இறங்கவில்லை. பின்பலகையில் அந்தப் பெண் கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராமலட்சுமி பெட்டிக்குள் விதை தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். போன வருஷத்து மஞ்சள் புஞ்சை கண்முன்னால் வந்து நின்றது. மூன்று தடவை கேட்டாகிவிட்டது. இன்றைக்கு இந்த மண்ணில் கை வைக்கக் கூடாது.

டிராக்டர் அடுத்த நடைக்குத் திரும்பியது.

"ஏ, நிறுத்துலே மகாராஜா! நிறுத்து! ஏழாவது கொழாய்!"

செருப்பைக் கழற்றினாரா, அதுவாகக் கழன்றதா தெரியாது. வெறுங்காலோடு சாலுக்குள் ஓடினார். வேலியில் ஒடித்த குச்சியைக் குழாய் வாயில் விட்டுக் குடைந்தார். மண்கட்டி விழுந்தது. அதன் பின்னால் அடைபட்டுக் கிடந்த உளுந்து ஒரு கை அளவு அவர் உள்ளங்கையில் கொட்டியது.

அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நடுப்புஞ்சை. கை நிறைய விதை.

மகாராஜா எஞ்சினை அணைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தான். அர்ஃபா கண் கலங்கி நின்றாள். "நான் பாக்காம விட்டுட்டேன், மாமா."

அவர் கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு சால் வெறுஞ்சாலாக் கெடக்கு," என்றாள் ராமலட்சுமி அமைதியாக. "டிராக்டர் மறுபடி ஓடுனா பக்கத்துச் சாலையும் கலைச்சுரும். கையாலதான் போடணும். கஞ்சி கொண்டாந்த ஆளுக்கு அதுக்கு மேல வேற சோலி உண்டா?"

அழகிரிசாமி வெறுஞ்சாலின் முனைக்கு நடந்தார். பிறகு குனிந்தார். ஒரு விதை. ஒரு சாண் தள்ளி இன்னொரு விதை. கட்டைவிரலால் மண்ணைத் தள்ளி மூடினார். மூன்றாவது விதைக்கு அவர் கை தன் வேகத்துக்கு வந்துவிட்டது.

பதினொன்றரைக்கு மகாராஜா கிளம்பிப் போனான். பெண்கள் இருவரும் வேலி நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். தொட்டுக்கொள்ள வறுத்த மோர்மிளகாய். அர்ஃபாவுக்குக் காரம் ஏறி மூக்கு ஒழுகியது. அதோடேயே கைப்பையிலிருந்து பாடக்குறிப்பு நோட்டை எடுத்தாள்.

"அக்கா, அடுத்த வாரத்துக் கேள்வியை நீங்க பாத்துச் சொல்லிருங்க. பொறகுதான் பிள்ளைங்க கையில கொடுப்பேன். 'உங்க வீட்டுல எத்தனை ஆடு இருக்கு?' இது கேக்கலாமா?"

"ஆட்டை எண்ணிக் கேப்பாகளா? கண்ணு பட்டுரும்."

அதைக் கோடு போட்டு அடித்தாள். "'இந்த வருசம் எத்தனை மூட்டை கண்டுச்சு?'"

"அடிக்கவே வருவாக."

அடித்தாள். "'உங்க மகளுக்கு எப்போ கல்யாணம்?'"

சாலிலிருந்து குனிந்தபடியே குரல் வந்தது. "அதுக்கு அடியும் ஒதையும் சேர்ந்து வரும்."

அர்ஃபா நோட்டை மடியில் போட்டாள். பக்கம் முழுக்கக் கோடு. "பின்ன என்னதான் மாமா கேக்கச் சொல்ல? எதிர்ல வார ஆள் ஒதுங்கிப் போகாம, நின்னு பேசணும். அப்பத்தான் பிள்ளைங்களுக்குப் பேச்சு வரும்."

அழகிரிசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கிழக்கே பார்த்தார். மேகம் ஒன்றும் இல்லை. போட்ட விதை முளைத்து மேலே வர இன்னும் ஒரு மழை வேண்டும்.

"மழை எப்ப வரும்னு கேக்கச் சொல்லுங்க, டீச்சர். ஒருத்தனுக்கும் பதில் தெரியாது. ஒருத்தனும் பேசாமப் போக மாட்டான்."

அர்ஃபா எழுதிக்கொண்டாள். அவர் குனிந்தார். இன்னும் ஒன்றரைச் சால் பாக்கி இருந்தது.